இருக்கிற பெயர், தேடினால் வருவதில்லை

அலவத்துகொடையில் ஏ9 வீதியோரமாக மிளகும் கராம்பும் கொள்வனவு செய்யும் ஒரு கடையின் சேர்வரை 2024 ஜூன் கடைசியில் மாற்றிக் கொடுத்தோம். சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு அம்மாதம் 30ஆம் திகதியோடு முடியவிருந்ததால் தள்ளிப்போட இடமிருக்கவில்லை. ஆல்மா லினக்ஸ் 9ஐ நிறுவி, போஸ்ட்கிரேஸின் அதே 13ஆம் பதிப்பைப் போட்டு, பழைய வட்டிலிருந்த தரவு அடைவை அப்படியே எடுத்து வைத்தோம். சேவை முதல் தடவையிலேயே எழும்பியது. லொக்கில் ஒரு முறைப்பாடும் இல்லை.

மூன்றாவது வாரம் கடையின் கணக்கப்பிள்ளை அழைத்தார். "தம்பி, ஆள்ட பேர் லிஸ்ட்ல ஈக்குது. நம்பர் அடிச்சித் தேடினா வருதில்ல."

அதற்குள் காரியம் கெட்டிருந்தது. தேடியும் பெயர் வராதவர்களைக் கல்லாவில் இருந்த பையன் புதிதாகப் பதிந்துவிட்டான். ஒரே தோட்டக்காரருக்கு ஒரே இலக்கத்தில் இரண்டு கணக்குகள். வாங்கிய முற்பணம் ஒன்றில், கொடுத்த மிளகு மற்றதில். ஒரே இலக்கம் இரண்டு முறை விழக்கூடாது என்று அட்டவணையில் கட்டுப்பாடு போட்டிருந்தோம். அது ஏன் தடுக்கவில்லை என்பதுதான் எங்களை முதலில் திகைக்க வைத்தது.

காரணம் போஸ்ட்கிரேஸில் இல்லை. அதன் கீழே கிடந்த ஜிலிப்சியில் இருந்தது. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று போஸ்ட்கிரேஸ் வழமையாக இயங்குதளத்தின் இந்த லைப்ரரியிடம்தான் கேட்கிறது. 2018 ஓகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28இல் அந்த வரிசை விதிகள் புதிய சர்வதேச நியமத்துக்கு ஏற்ப மாற்றப்பட்டன. சென்ட்ஓஎஸ் 7இல் இருந்தது 2.17, ஆல்மா 9இல் இருப்பது 2.34. நடுவில் இருந்த கோட்டைத் தாண்டியது தெரியாமலே தாண்டியிருந்தோம்.

அந்தக் கடையில் ஒவ்வொருவருக்கும் ஊர் இலக்கம், ஒரு கோடு, பிறகு வரிசை இலக்கம். பழைய விதி அந்தக் கோட்டை முதல் ஒப்பீட்டில் கணக்கிலெடுக்காது. ஆகவே 1-27 என்பது 127ஆகவும் 12-3 என்பது 123ஆகவும் பார்க்கப்பட்டு, 12-3 முன்னால் நிற்கும். புதிய விதிக்குக் கோடும் ஓர் எழுத்துத்தான். 1-27 முன்னால் வந்துவிடும். இன்டெக்ஸ் வட்டில் பழைய வரிசையில் அடுக்கப்பட்டுக் கிடக்கிறது. தேடல் புதிய வரிசையை நம்பிக் கிளை பிரிகிறது, ஆள் இல்லாத கிளைக்குப் போய் இல்லை என்று சொல்லித் திரும்புகிறது. தனித்தன்மைக் கட்டுப்பாடும் அதே இன்டெக்ஸைப் பார்த்துத்தான் காவல் காக்கிறது. இன்டெக்ஸைப் பயன்படுத்தாதே என்று சொல்லி அதே கேள்வியைக் கேட்டபோது வரிசை வரிசையாகப் படித்துவிட்டு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது.

மேம்படுத்தலுக்குப் பிந்திய கோளாறு என்றவுடன் நாம் பேசுவது பெரும்பாலும் சத்தம் போடுகிறவற்றைப் பற்றித்தான். டெபியன் 12இலிருந்து பைதன் பொதிகளை முறைமைக்குள் நேரடியாக நிறுவப் போனால் பிப் மறுத்து, காரணத்தையும் சொல்கிறது. பிரீபிஎஸ்டி 13இலிருந்து 14க்குப் போனவர்களுக்கு ஓபன்எஸ்எஸ்எல்லின் பழைய லைப்ரரி காணாமற்போய் அதை நம்பியிருந்த ஒவ்வொரு நிரலும் பெயர் சொல்லி அழுகிறது. பொதிக் கருவியின் நிலையான வடிவத்தைக் கொண்டு எல்லாவற்றையும் கட்டாயமாக மீள நிறுவினால் தீரும். வெளிக் களஞ்சியங்களின் சாவி பழசானால் ஆப்ட் அதையும் சொல்லிக் காட்டுகிறது. இவை எரிச்சலூட்டும், ஆனால் ஏமாற்றா. செய்தியை முழுதாகப் படிக்கிற பொறுமை இருந்தால் போதும்.

மின்சாரம் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் தீவு முழுவதும் அணைந்தது. கடை மூடியிருக்கும் என்று நாம் மேம்படுத்தலுக்குத் தெரிவு செய்வதும் ஞாயிற்றுக்கிழமையைத்தான். மின்சாரம் போய் மேம்படுத்தல் பாதியில் நின்ற டெபியன் சேர்வரில் கைவைக்கும் முன் டிபிகேஜியின் லொக்கைப் பாருங்கள். பிரித்து வைக்கப்பட்டு அமைக்கப்படாமல் நிற்கும் பொதிக்கும், பிரிக்கும்போதே அறுந்த பொதிக்கும் மருந்து வேறு. முன்னதற்கு மீள அமைக்கும் கட்டளை போதும். பின்னதை மீள நிறுவத்தான் வேண்டும். சேர்வருக்கு யூபிஎஸ் போட்டுவிட்டு ரவுட்டரை மறந்துவிடுவதும் நம்மிடையே சாதாரணம். தொலைவிலிருந்து செய்கிறவர்கள் ஸ்கிரீனுக்குள்ளோ டீமக்ஸுக்குள்ளோ செய்தால் இணைப்பு அறுந்தாலும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

நான் அஞ்சுவது சத்தமே போடாத மற்ற வகைக் கோளாறுக்கு. தமிழும் சிங்களமும் கணினியில் தெரிய வேண்டும் என்பதற்காக இந்த நாட்டில் பலர் உழைத்தார்கள். பேராதனைக்கு மேலே நிற்கும் மலைத்தொடரின் பெயரையே சூடிய ஹந்தான லினக்ஸ் பெடோராவிலிருந்து இங்கே உருவானது. அந்த உழைப்பின் பயனாக, மேம்படுத்தல் முடிந்ததும் திரையில் எழுத்து சரியாக வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வந்திருக்கிறது. எழுத்து தெரிந்தால் வேலை முடிந்தது என்று பையைத் தூக்கிவிடுகிறோம். எழுத்தின் வரிசை எழுத்துருவில் இல்லை. ஆகவே கண்ணுக்குப் படுவதும் இல்லை.

இலக்கங்களுக்கும் குறியீடுகளுக்கும் பைட் வரிசையே போதும். அது எந்த மேம்படுத்தலிலும் மாறாது. அட்டவணையில் அந்த நிரல்களை ‘சி’ ஒழுங்கில் வையுங்கள். பெயர்களுக்கு அது உதவாது. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது, றகரம் ரகரத்தை ஒட்டி. புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வருவதால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் அப்பால் போய்விழும். அந்த வரிசையில் அச்சிட்ட பட்டியலைத் தமிழ் படித்த ஒருவரிடம் நீட்ட முடியாது. பெயருக்குத் தமிழ் ஒழுங்கு வேண்டும். தமிழ் ஒழுங்கு வேண்டுமென்றால் ஜிலிப்சியையோ ஐசியூவையோ நம்ப வேண்டும். அவை மாறும்போது இன்டெக்ஸை மீளக் கட்ட வேண்டும். போஸ்ட்கிரேஸ் 15இலிருந்து தரவுத்தளத்தின் ஒழுங்குப் பதிப்பு மாறியிருந்தால் எச்சரிக்கை வருகிறது. பலர் மீளக் கட்டாமல், பதிப்பைப் புதுப்பிக்கும் கட்டளையை மட்டும் கொடுத்து எச்சரிக்கையை வாயடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எச்சரிக்கை போய்விடும், பழுது அப்படியே இருக்கும்.

இனி எங்கள் குழு எந்த இயங்குதளத்தைத் தொடும் முன்னும் ஒரு சிறு கோப்பைக் கையில் எடுக்கும். 1-1, 11, 1-27, 12-3. ‘நல்லையா’வும் ‘பழனி’யும் ‘வள்ளி’யும் ‘றஹீம்’உம். ஸகரத்திலும் ஶகரத்திலும் இரு விதமாக எழுதப்படும் ஸ்ரீ. ‘ஔ’வும் அதைப்போலவே தோன்றும் ‘ஒள’வும். சில சிங்களப் பெயர்கள். மேம்படுத்தலுக்கு முன்னர் அதைத் தரவுத்தளத்தின் லொகேலிலேயே வரிசைப்படுத்திச் சேமிப்போம். பின்னர் மீண்டும் வரிசைப்படுத்தி ஒப்பிடுவோம். ஒரு வரி இடம் மாறியிருந்தாலும் கடையைத் திறக்க விடமாட்டோம். மாறாவிட்டாலும் இன்டெக்ஸைச் சோதிக்கும் ஏஎம்செக்கை ஓடவிடுவோம். சிறு கோப்பில் எல்லா எழுத்தும் அடங்காது.

அலவத்துகொடைச் சேர்வரில் இன்டெக்ஸை மீளக் கட்டும் கட்டளை முதல் தடவை தோற்றது. இரட்டைப் பதிவுகள் இருக்கும்வரை தனித்தன்மை இன்டெக்ஸைக் கட்ட முடியாது. எந்தப் பதிவு யாருடையது என்று எந்தக் கருவியும் சொல்லாது. கணக்கப்பிள்ளையும் நானும் பில் புத்தகங்களை விரித்து வைத்து, கார்பன் பிரதிகளில் கையெழுத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். சிலருக்கு நேரில் போய்த் துண்டைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. தரவை வெளியே எடுத்து மீண்டும் ஏற்றி மாற்றியிருந்தால் இன்டெக்ஸ்கள் தாமாகவே புதிதாகக் கட்டப்பட்டிருக்கும். அதற்கு அன்று இரண்டு மணித்தியாலம் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும்.