சான்றிதழுக்குப் பின் என்ன? கணக்குக் காட்டட்டும் அரசு!

பயிற்சி பெற்றவரின் வங்கிக் கணக்கு எண்ணை எழுத வேண்டிய இடத்தில் பூஜ்யங்கள், அல்லது வெற்றிடம். பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் பதிவேடுகள் இந்த நிலையில் இருப்பதை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அம்பலப்படுத்தியது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட சுமார் 95.9 லட்சம் பேரின் பதிவுகளில் ஏறத்தாழ 90.66 லட்சம் பதிவுகளில் முறையான வங்கி விவரம் இல்லை. குறுகிய காலப் பயிற்சி, சிறப்புத் திட்டங்கள் ஆகியவற்றில் சான்றிதழ் பெற்ற சுமார் 56 லட்சம் பேரில் வேலை கிடைத்ததாகக் காட்டப்பட்டவர்கள் 41 சதவீதத்தினர் மட்டுமே. எஞ்சியோர் என்ன ஆனார்கள்? அரசிடம் பதில் இல்லை.

இக்கேள்வியை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள சாந்திபுரத்திலிருந்து பார்ப்போம். தமிழ்நாடு, கர்நாடக எல்லைகளுக்கு அருகே, முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் குப்பம் தொகுதிக்குள் அமைந்த மண்டலம் இது. இங்கு ஐடிஐ முடிக்கும் இளைஞர் வேலை தேடிப் பெங்களூருக்கோ ஒசூருக்கோ செல்கிறார். அல்லது மாவட்ட எல்லை தாண்டி, திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டி ஆலைகளுக்குச் செல்கிறார். மாநில எல்லையைக் கடந்த மறுகணமே அவர் மாநில அரசின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். 2024 ஜூன் 13 அன்று பொறுப்பேற்ற முதலமைச்சர் கையெழுத்திட்ட முதல் ஐந்து கோப்புகளுள் ஒன்று திறன் கணக்கெடுப்பு. எவரிடம் என்ன திறன் உண்டு என்று கேட்பது நல்லதே. ஆனால் பயிற்சியளிக்கப்பட்டவர் இப்போது எங்கே, என்ன ஊதியத்தில், எத்தனை மாதமாக உழைக்கிறார் என்பது வேறு கேள்வி. வாசற்படியில் நின்று கேட்கும் கணக்கெடுப்பு இதற்கு விடை தராது.

விடை தரக்கூடிய ஏடுகள் ஏற்கெனவே அரசின் கையில் உள்ளன. வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் பொதுக் கணக்கு எண் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழிலாளி எந்த மாநிலத்தில் வேலை செய்தாலும் அது மாறுவதில்லை. இஎஸ்ஐ பதிவேடு உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்துள்ளனர். பயிற்சி நிலையங்களின் பதிவேடுகளை இவற்றோடு இணைத்துப் பார்த்தால், சாந்திபுரத்து ஃபிட்டரும் வெல்டரும் ஓராண்டுக்குப் பின்னும் மூன்றாண்டுக்குப் பின்னும் எந்நிலையில் உள்ளனர் என்பது தெரிந்துவிடும்.

தொழில்நுட்பம் இல்லை என்று ஒன்றிய அரசு சொல்ல முடியாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, ரூ.99,446 கோடி மதிப்பிலான வேலைவாய்ப்பு ஊக்கத்தொகைத் திட்டத்தில், புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாதம் ரூ.3,000 வரை முதலாளிக்கு வழங்கப்படுகிறது. அதற்காக ஆதாரும் வைப்பு நிதி எண்ணும் துல்லியமாக இணைக்கப்படுகின்றன. முதலாளிக்குப் பணம் வழங்க இணையும் தரவுகள், இளைஞருக்குப் பதில் சொல்ல மட்டும் இணைய மறுப்பது ஏன்? குறை கருவியில் இல்லை. அரசின் வர்க்கச் சார்பில் இருக்கிறது.

'வேலைவாய்ப்பு' என்ற சொல்லே இன்று நீர்த்துப்போயிருக்கிறது. ஊரக இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாயா திறன் திட்டத்தில் மூன்று மாதம் வேலையில் நீடித்தாலே அது வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடும். நான்காம் மாதம் வெளியேற்றப்பட்டவரை யாரும் தேடுவதில்லை. 2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டு, குறித்த கால வேலைமுறை எங்கும் பரவும் நிலையில், சேர்ந்த நாளை மட்டுமல்ல, விலக்கப்பட்ட நாளையும் கணக்கிடுவது இன்றியமையாததாகிறது.

ஆயினும் எச்சரிக்கை தேவை. வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களையே தொடுகிறது. அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் அமர்த்தப்படுவோர் அதில் வருவதில்லை. வீட்டிலிருந்து துணி தைக்கும் பெண்ணும், சொந்தப் பட்டறை வைத்திருப்பவரும், முதலாளி பதிவு செய்யாமல் ஏய்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் அந்த ஏட்டில் இருக்க மாட்டார்கள். ஏட்டில் பெயர் இல்லாதவர்களை வேலையற்றவர்கள் என்று முடிவுகட்டுவது பிழை. அந்த இடைவெளியே சட்டமீறலின் அளவைக் காட்டும் சான்றாகலாம்.

இன்னொரு அபாயமும் உண்டு. பிரான்சு நாடு சமூகப் பாதுகாப்புப் பதிவேடுகளைப் பள்ளிப் பதிவேடுகளோடு இணைத்து, ஒவ்வொரு தொழிற்பள்ளியின் வேலைவாய்ப்பு விகிதத்தையும் 2021 முதல் வெளியிட்டு வருகிறது. வெளிப்படைத்தன்மை வரவேற்கத்தக்கதே. ஆனால் மக்ரோன் அரசின் தொழிற்பள்ளிச் சீர்திருத்தம், குறைந்த விகிதம் காட்டிய பாடப்பிரிவுகளை மூடுவதை நோக்கமாகக் கொண்டது. ஆசிரியர்கள் 2022 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தனர். வட்டாரத்தில் ஆலையே இல்லாததற்கு ஆசிரியரைக் குற்றவாளியாக்க எண்களைப் பயன்படுத்துவதை நாம் ஏற்க முடியாது. அதேபோல், தொழிலாளியின் பணி வரலாறு முதலாளியின் கைக்குப் போனால் அது கருப்புப் பட்டியலாகும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தொழிலாளிக்கும் பொருந்தும். மறுபுறம், 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தகவல் அறியும் உரிமையை நலிவடையச் செய்திருக்கிறது. மக்களின் வாழ்வை அரசு முழுமையாகப் பார்க்க, அரசின் ஏட்டை மக்கள் பார்க்கத் தடை விதிப்பது ஜனநாயகமல்ல.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. பெயரும் அடையாளமும் நீக்கிய பின், புள்ளியியல் நோக்கத்துக்கு மட்டும் இப்பதிவேடுகள் இணைக்கப்பட வேண்டும். பயிற்சி நிலையம், தொழிற்பிரிவு, பாலினம், சமூகப் பிரிவு, ஊதியம், வேலையில் நீடித்த காலம் ஆகியவை வாரியாக முடிவுகள் ஆண்டுதோறும் தெலுங்கிலும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். தனியார் பயிற்சி நிறுவனங்களுக்கு நிதி விடுவிக்கும் முன் இக்கணக்கு சரிபார்க்கப்பட வேண்டும். கண்காணிப்புக் குழுவில் தொழிற்சங்கங்களுக்கும் மாணவர் அமைப்புகளுக்கும் இடம் வேண்டும்.

கணக்கு வேலையை உருவாக்காது. பொதுமுதலீடும் போராட்டமுமே உருவாக்கும். ஆனால் பொய்க்கணக்கை உடைக்காமல் அந்தப் போராட்டத்துக்கு இளைஞர்களைத் திரட்ட முடியாது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும் எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களிலும் உள்ள நமது கிளைகள், தம் ஊரில் ஐடிஐ முடித்தவர்களின் வீடுகளுக்குச் செல்லட்டும். அவர்கள் எங்கே உழைக்கிறார்கள், என்ன ஊதியம் பெறுகிறார்கள் என்று கேட்டறியட்டும். அரசு கேட்க மறுக்கும் கேள்வியை நாம் கேட்போம்; விடையை மக்கள் மன்றத்தில் வைப்போம்.