ஜிபியு சர்வர் தயாரிக்கும் புதுச்சேரியில், பழைய லேப்டாப் கிராபிக்ஸுக்கு மட்டும் ஏன் வைத்தியம் இல்லை?

லேப்டாப்பை ஆன் பண்ணினால் திரை முழுக்கக் கோடு கோடாக வருகிறது. ஒருநாள் கட்டம் கட்டமாக நிறம் மாறுகிறது. வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால் கறுப்புத் திரை, உள்ளே ஃபேன் சுத்துற சத்தம் மட்டும். சர்வீஸ் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இதுதான்: 'கிராபிக்ஸ் போச்சுங்க. போர்டையே மாத்தணும். அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாம்.'

ஐந்தாறு வருஷம் ஓடின லேப்டாப் வைத்திருக்கும் பலருக்கும் இந்த வசனம் பழக்கம்தான். அதைக் கேட்டதும் இ.எம்.ஐ. ஆப்பைத் திறப்பதற்கு முன்னால், கொஞ்சம் நில்லுங்கள். அந்த பதிலில் பாதிதான் உண்மை. மீதி பாதி, லேப்டாப்பை எப்படிச் செய்கிறார்கள், யாரிடம் உதிரி பாகம் விற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சேதராப்பட்டு ஊருக்கு இது தெரிந்த கதை

புதுச்சேரிக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு புதிதல்ல. குறைந்த விற்பனை வரி இருந்த காலத்தில் எச்.சி.எல்., விப்ரோ போன்ற நிறுவனங்கள் இங்கே வந்து கம்ப்யூட்டர்களைத் தயாரித்தன. மயிலம் ரோட்டில் இருக்கும் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில்தான் எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸின் ஆலை இருந்தது. 2013-ல் அந்த நிறுவனம் கம்ப்யூட்டர் தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

இன்னொரு பக்கம், ஐ.பி.எம்.மின் பி.சி. தொழிலை 2005-ல் வாங்கிய லெனோவா, புதுச்சேரியில் தொடர்ந்து உற்பத்தி செய்கிறது. 2024 செப்டம்பரில் அது ஒரு பெரிய அறிவிப்பை வெளியிட்டது. புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏ.ஐ. சர்வர்களும், 2,400 ஜிபியு சர்வர்களும் தயாரிக்கப் போகிறோம் என்றது.

ஜிபியு என்றால் வேறொன்றும் இல்லை, கிராபிக்ஸ் சிப்தான். உங்கள் லேப்டாப்பில் கோடு போடுகிற அதே இனம். ஏ.ஐ.க்காக அதன் ராட்சத அண்ணன்களை வைத்து சர்வர் கட்டுகிற ஊரில், தம்பி ஒருத்தன் படுத்துவிட்டால் மாற்றிப்போட ஆள் கிடைப்பதில்லை. இது எப்படி?

காரணம் எளிது. இங்கே நடப்பது அசெம்பிளி. சிப் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதுவும் பிராண்ட் நிறுவனங்களுக்கு மொத்தமாக. டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு தனி அட்டை. ஸ்லாட்டிலிருந்து உருவி வேறொன்று செருகிவிடலாம். லேப்டாப்பில் 'கார்டு' என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, பெரும்பாலான மாடல்களில் அது மதர்போர்டிலேயே ஈயப்பற்று வைத்து ஒட்டிய சிப். தனியாகக் கழற்ற முடியாது. தெருமுனை சர்வீஸ் கடைக்கோ, சென்னை ரிச்சி தெருவுக்கோ கம்பெனி அந்தச் சிப்பை நேரடியாக விற்பதும் இல்லை. அதனால்தான் ஒரு சிப் கெட்டாலும் முழு போர்டு விலை சொல்கிறார்கள்.

முதல்ல... உண்மையிலேயே கிராபிக்ஸ்தானா?

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பத்து நிமிஷத்தில் சில சோதனைகள் செய்யலாம். அதற்கும் முன்னால், திரை ஓரளவு தெரியும்போதே முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். கிராபிக்ஸ் கெட்டால் டேட்டா அழியாது. ஆனால், திரை இல்லாமல் அதை எடுப்பது பெரிய தலைவலி.

* லேப்டாப் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். கோடுகள் மாறுகிறதா, மறைகிறதா? அப்படியானால் பிரச்னை பெரும்பாலும் திரைக்குப் போகும் கேபிளில். இது குறைந்த செலவில் முடிகிற வேலை.

* எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டு டி.வி.யில் இணையுங்கள். டி.வி.யில் படம் சுத்தமாக வந்தால் டிஸ்ப்ளே பேனல் அல்லது கேபிள் மீதுதான் சந்தேகம். இரண்டிலும் ஒரே மாதிரி கோடு வந்தால் கிராபிக்ஸ் மீது சந்தேகம்.

* ஆன் பண்ணியதும் பயாஸ் திரைக்குள் போங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே, டி.வி.யிலும் சேர்த்துக் கோடு வருகிறது என்றால் டிரைவர் கோளாறு இல்லை, ஹார்டுவேர் கோளாறு. பயாஸில் சுத்தம், கேம் திறந்தால் மட்டும் கோடு என்றால் டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து மறுபடி நிறுவிப் பாருங்கள்.

* திடீரென கறுப்புத் திரை வந்தால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். படம் திரும்பினால் உங்களுக்கு ஒரு துப்பு கிடைத்துவிட்டது.

* ஃபேன் சத்தமும் சூடும் அதிகம் என்றால் உள்ளே தூசியைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள். மெத்தை மேல் வைத்து படம் பார்க்கும் பழக்கம் இருந்தால், காற்று போகும் வழியை நாமே அடைக்கிறோம் என்று அர்த்தம்.

சிப் ஏன் சாகிறது?

வேலை கொடுத்தால் சிப் சூடாகும், நிறுத்தினால் ஆறும். சூட்டில் சிப்பும், அது உட்கார்ந்திருக்கும் பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. நடுவில் இருக்கும் நுண்ணிய உலோக மணிகள்தான் அந்த இழுபறியைத் தாங்குகின்றன. ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறியதும் அவற்றில் விரிசல் விழுகிறது. இணைப்பு விட்டு விட்டு வேலை செய்கிறது. அதுதான் திரையில் கோடு.

வாடிக்கையாளர் பயன்படுத்திய விதம் மட்டும்தான் காரணம் என்று எப்போதும் சொல்ல முடியாது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றில் சிப்பைப் பொதியும் பொருள் பலவீனமாக இருந்ததால் அதிக அளவில் பழுதாவதாக ஒப்புக்கொண்டது. அந்தச் செலவுக்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் ஒதுக்குவதாகவும் அறிவித்தது. டெல், ஹெச்.பி., ஆப்பிள் லேப்டாப்கள் பாதிக்கப்பட்டன. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட, 2010-ல் சமரசம் ஏற்பட்டது. ஆனால், அந்த நிவாரணம் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குத்தான்.

அதேபோல 2011 மாடல் மேக்புக் ப்ரோக்களில் திரைக் கோளாறு என்று புகார்கள் குவிந்தன. அங்கேயும் வழக்கு வந்தது. 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது. இரண்டு கதைக்கும் ஒரே பாடம்தான். ஒரே மாடலில் பலருக்கும் ஒரே பழுது வந்தால், அது தனிநபர் தலைவிதி அல்ல. உங்கள் மாடல் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். கம்பெனி ஏற்கெனவே இலவச சர்வீஸ் அறிவித்திருக்கலாம்.

'ஹீட் கொடுத்தா சரியாயிடும்' - நம்பலாமா?

யூடியூபில் ஹேர் டிரையர் வைத்தியம், ஓவன் வைத்தியம் எல்லாம் கிடைக்கிறது. சில சமயம் லேப்டாப் உயிர் பெறுவதும் நிஜம். ஆனால், ஈயமில்லாப் பற்று உருக சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டு ஹேர் டிரையர் அந்தச் சூட்டை சிப்புக்குக் கொண்டுபோகாது. சூட்டில் விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். சில நாளிலோ சில வாரத்திலோ கோடு திரும்பி வந்துவிடும். சமையல் ஓவனில் போர்டை வைத்தால் அந்தப் புகை சாப்பாட்டில் சேரும். பேட்டரியோடு சூடாக்கினால் தீ விபத்துதான். வேண்டாம் பாஸ்!

கடைகளில் இதே வேலையைக் கொஞ்சம் முறையாகச் செய்து 'ரீஃப்ளோ' என்பார்கள். சிப்பைக் கழற்றி அடியில் உள்ள மணிகளைப் புதிதாகப் போடுவது 'ரீபால்'. விரிசல் போர்டுக்கும் சிப்புக்கும் நடுவில் இருந்தால் ரீபால் பலன் தரும். சிப் பொதிக்கு உள்ளேயே இருந்தால் தராது. நிரந்தரத் தீர்வு, நல்ல நிலையில் உள்ள வேறு சிப்பைப் போடுவது.

அதனால் சிப் லெவல் சர்வீஸ் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, 'ஹீட்டா, ரீபாலா, சிப் மாத்துறீங்களா?' இரண்டு, 'போடுற சிப் புதுசா, வேற போர்டுல இருந்து கழட்டினதா?' மூன்று, 'எத்தனை மாசம் வாரன்டி, பில்லுல எழுதித் தருவீங்களா?' இதற்கு நேராகப் பதில் சொல்கிற அண்ணன் கிடைத்தால் அவர் நம்பரைப் பத்திரமா வச்சுக்கோங்க.

காசு செலவில்லாத ஒரு வழி

பலருக்கும் தெரியாத விஷயம் இது. தனி கிராபிக்ஸ் உள்ள பெரும்பாலான லேப்டாப்களில் பிராசஸருக்குள்ளேயே இன்னொரு கிராபிக்ஸும் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். இரண்டு பெயர் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழுதான தனி கிராபிக்ஸை மட்டும் டிஸேபிள் செய்துவிடுங்கள். விண்டோஸே சரியாகத் திறக்கவில்லை என்றால் சேஃப் மோடில் போய் இதைச் செய்யலாம்.

பெரிய கேம் ஓடாது. சில மாடல்களில் எச்.டி.எம்.ஐ. வழியும் அடைபடும். ஆனால் ஆன்லைன் வகுப்பு, ரெஸ்யூமே, கோடிங், பேங்க் வேலை, படம் பார்ப்பது எல்லாம் நடக்கும். பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள். அங்கே ரிப்பேர் அல்லது போர்டு மாற்றம்தான் வழி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் 8-வது தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. உங்கள் லேப்டாப் அந்த வயது என்றால், போர்டு மாற்றப் பெரிய தொகை போடுவது வீண். தனி கிராபிக்ஸை அணைத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டம் போட்டு ஓட்டுவது புத்திசாலித்தனம். லேப்டாப் அதைவிடப் புதியது, ரிப்பேர் செலவும் அதே தரத்தில் பழைய லேப்டாப் ஒன்று விற்கும் விலையில் பாதிக்குள்தான் என்றால், தாராளமாகச் சரிசெய்யலாம்.

இது ஏன் வெறும் ரிப்பேர் விஷயம் இல்லை?

2025 கடைசியில் மெமரி சிப் விலை எகிற ஆரம்பித்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிப்பதுதான் முக்கியக் காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ராம் விற்றுவந்த 'குரூஷியல்' பிராண்டிலிருந்து விலகுவதாகவே அறிவித்துவிட்டது. பெரிய சர்வர்களுக்குத்தான் முதல் பந்தி. நாம் கடைசிப் பந்தி. இந்த நேரத்தில் 'புதுசே வாங்கிடலாம்' என்பது முதல் சம்பளம் வாங்குகிற பையனுக்கும், கல்லூரிப் பெண்ணுக்கும் அவ்வளவு லேசான வார்த்தை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காகக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளம் திறந்தது. எந்தப் பொருளை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கான அறிக்கை 2025 மே மாதம் வந்தது. ஆனால், முதல் கட்டப் பரிந்துரை ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும்தான். லேப்டாப் அந்த வரிசையில் இல்லை.

ஒரு காலத்தில் புதுச்சேரியை ஆண்ட ஃபிரான்ஸ் இதை 2021 ஜனவரியிலேயே கொண்டுவந்துவிட்டது. அங்கே கடையில் லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் 10-க்கு எத்தனை என்று ரிப்பேர் மதிப்பெண் இருக்க வேண்டும். கழற்றுவது எளிதா, உதிரி பாகம் கிடைக்குமா, அதன் விலை நியாயமா என்றெல்லாம் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. 'தொழில்நுட்ப ரீதியா முடியாதுங்க' என்ற சாக்கும் எடுபடாது. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் கிராபிக்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய லேப்டாப்பை 2024 முதல் விற்கிறது.

சேதராப்பட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு எலெக்ட்ரானிக்ஸ் வேலை தேடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். உதிரி பாகமும் சர்க்யூட் வரைபடமும் கிடைத்தால் ரிப்பேரும் ஒரு தொழில்தான். ஆலைக்குச் சலுகை கொடுக்கும் அரசு, 'இங்கே விற்கிற பொருளுக்கு இங்கேயே பாகம் கொடு' என்றும் கேட்கலாமே!

அதுவரை நம் கையில் இருப்பது: வாங்கும்போதே கிராபிக்ஸ் பிராசஸரில் மட்டுமா, தனியாகவும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேமும் எடிட்டிங்கும் தேவையில்லை என்றால் தனி கிராபிக்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். தேவை என்றால் நீட்டித்த வாரன்டியோடு வாங்குங்கள். வாரன்டிக்குள் பழுதாகி, கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது.

எதுவுமே முடியாமல் தூக்கிப்போடும் நிலை வந்தால், டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, பதிவுபெற்ற மின்கழிவு மையத்திலோ கம்பெனியின் திரும்பப் பெறும் திட்டத்திலோ கொடுங்கள். காயலான் கடைக்கு எடைக்குப் போட வேண்டாம். ஆனால், அந்த முடிவுக்கு முன்னால் டிவைஸ் மேனேஜரை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே இரண்டாவது பெயர் ஒன்று இருக்கலாம்.