ஒரு சில்லு பாதையை விட்டு இறங்கினால்...

லீவு வந்தால் பிள்ளைகளை யாலவுக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று யோசிக்கும் உம்மாமாரே, வாப்பாமாரே, இந்த மாதம் உங்களோடுதான் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது.

போன ஓகஸ்ட் லீவில் நாங்களும் போனோம். திஸ்ஸமகாராமையில் ஜீப் பிடித்தோம். சாரதி கிரிந்தைப் பக்கத்துப் பொடியன், நம்ம ஆள்தான். இரண்டு மணித்தியாலத்தில் யானை, மான், முதலை, மயில் எல்லாம் கண்டோம். ஆனாலும் சின்னவனின் முகம் தொங்கிப் போய்விட்டது. "புலி எங்க உம்மா?" என்பதே அவனுடைய ஒரே கேள்வி. நானும் சும்மா இருக்கவில்லை. "தம்பி, எப்படியாவது ஒன்றைக் காட்டிவிடுங்க, சந்தோசம் தருவோம்" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு கோல் வந்தது. அதற்குப் பிறகு அந்த ஜீப் ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்ல! பூங்காவுக்குள் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது என்பது சட்டம். போய்ச் சேர்ந்தபோது ஒரு மரத்தடியில் பதினைந்து ஜீப்புகளாவது நெருக்கியடித்துக் கொண்டு நின்றன. முன்னால் போக வழியில்லை. எங்கள் ஜீப் சட்டென்று பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கியது. உடனே இரண்டு ஆட்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டு எங்களுக்கு மேலே சுற்றத் தொடங்கின. இவர்தான் "தம்பி, திருப்புங்க, பக்கத்தில் குஞ்சு இருக்கும்போல" என்று சத்தம் போட்டார். ஜீப் திரும்பியது. சிறுத்தையை நாங்கள் காணவில்லை.

திரும்பி வரும் வழியில் நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. "நீங்கதானே தாத்தா கேட்டீங்க" என்றார். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. ஜீப்புக்கு லீசிங் கட்டவேண்டும், புலியைக் காட்டாத சாரதியை ஹோட்டல்காரர் அடுத்தமுறை கூப்பிடமாட்டார் என்று பிறகு மெதுவாகச் சொன்னார்.

புல்லில் ஒரு சில்லு ஏறினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நீங்கள் கேட்கலாம். ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை, வெறும் தரையில்தான் முட்டையிடும். முட்டையின் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்றுபோலவே இருக்கும். ஜீப்பில் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. புல்லுக்குள் ஊரும் நட்சத்திர ஆமைக்கும் அதே கதிதான். பாரமான வாகனம் அழுத்திய மண் இறுகிப் போகும். மாரியில் பெய்யும் மழை அங்கே உள்ளே இறங்காது, சில்லுத் தடத்தின் வழியே மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடும். இவற்றைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. அடுத்த நாள் வரும் சாரதி அந்தத் தடத்தைப் பாதை என்று நினைத்து இறங்குவான். பத்துப் பேர் இறங்கினால் அது பாதையாகவே ஆகிவிடும்.

இது பொதுச் சொத்துத்தானே, டிக்கட்டும் எடுக்கிறோம், விரும்பிய இடத்தில் ஓடினால் என்ன என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022 ஒக்டோபரில் விலையுயர்ந்த ஜீப்புகளில் வந்த ஒரு கூட்டம் யாலவுக்குள் கண்டபடி ஓட்டிக் கும்மாளமடித்த வீடியோ நாடெங்கும் பரவியது ஞாபகமிருக்கும். அவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். யால 1938இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. மொத்தம் 979 சதுர கிலோமீற்றர். ஆனால் சிறுத்தைக்காக எல்லோரும் போய் விழுவது 'புளொக் ஒன்று' எனப்படும் சுமார் 141 சதுர கிலோமீற்றருக்குள். நம் நாட்டுக் காட்டில் சிங்கமும் இல்லை, வேங்கையும் இல்லை. அதனால்தான் இங்கே சிறுத்தை பட்டப்பகலில் பயமில்லாமல் வெளியே வருகிறது என்பார்கள். அந்தத் துணிச்சலைத்தான் நாம் பதினைந்து ஜீப்புகளால் சுற்றி வளைக்கிறோம்.

அதற்காக ஜீப்பையே நிறுத்திவிடு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகும் கொரோனா காலத்திலும் பயணிகள் வராமல் திஸ்ஸவிலும் கிரிந்தையிலும் எத்தனை வீடுகள் கஷ்டப்பட்டன! ஒரு நேரத்தில் எத்தனை வாகனங்களை உள்ளே விடுவது என்பதை வனசீவராசிகள் திணைக்களம்தான் இறுக்கமாகத் தீர்மானிக்க வேண்டும். அது நம் கையில் இல்லை.

நம் கையில் இருப்பது ஏறும்போது சொல்லும் வார்த்தை. "தம்பி, புலி கண்டாலும் சரி, காணாவிட்டாலும் சரி. மெதுவாகப் போங்க, பாதையை விட்டு இறங்க வேண்டாம்" என்று கேற்றுக்கு வெளியிலேயே சொல்லிவிடுங்கள். கொடுக்க நினைத்திருக்கும் சந்தோசத்தையும் அதற்காகவே கொடுங்கள். பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள், என்னைப் போல ஜீப்புக்குள் வைத்துச் சமாளிக்கப் பார்க்காமல்.

இன்னொன்று. கடும் வரட்சிக் காலத்தில், வழமையாக செப்டெம்பர் தொடங்கி, புளொக் ஒன்றைச் சில வாரங்களுக்கு மூடிவிடுவார்கள். அந்தப் பக்கம் போக இருப்பவர்கள் வேன் பேசுவதற்கு முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.