வேகம் கிடக்கட்டும், ஒரே மாதிரி எரியுதா?

டெக்சாஸில் இருக்கும் என் மச்சானுக்கு வார இறுதி வந்தால் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். வேட்டைக்கு இல்லை. 1000 கஜம், அதாவது 914 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கைச் சுடுகிற போட்டி. கடைத் தோட்டா கட்டுப்படியாகாது, துல்லியமும் பத்தாது என்று தானே நிரப்பிக் கொள்கிறார். சுட்ட பித்தளைக் கூடு, புது பிரைமர், மருந்து, குண்டு. அங்கே இது சட்டப்படி சரியான பொழுதுபோக்கு. நான் புனேயில் ஒரு ரசாயனக் கம்பெனியில் குப்பை கொட்டுவதால், எந்த மருந்து வாங்குவது என்று என்னிடம் கேட்பார் (இதற்கும் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம், அவர் கேட்பதில்லை!).

அவர் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மாப்ளே, எதுல வேகம் ஜாஸ்தி?"

என்னைக் கேட்டால் இதைக் கடைசியாகக் கேட்க வேண்டும். வேகம் நொடிக்கு 2900 அடியா 2950 அடியா என்பது இலக்குக்குத் தெரியாது. சைட்டைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும். ஒரு தோட்டா 2920, அடுத்தது 2960 என்றால் எந்தத் திருகும் உதவாது. .308 ரைஃபிளில் 10 அடி வேக வித்தியாசம், 1000 கஜத்தில் குண்டைச் சுமார் இரண்டரை அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளும். 40 அடி என்றால் பத்து அங்குலம். அமெரிக்கப் போட்டி இலக்கில் 10 மதிப்பெண் வட்டத்தின் மொத்த விட்டமே 20 அங்குலம். பாதியை மருந்தே சாப்பிட்டுவிட்டது. மீதியில்தான் காற்று, கை நடுக்கம், மூச்சு எல்லாம்.

அடுத்தது வெயில். நம்மூர் பட்டாசில் இருக்கும் கரிமருந்து வேறு, இது வேறு. இது நைட்ரோசெல்லுலோஸை வைத்துச் செய்த புகையில்லா மருந்து. சில ரகங்களில் நைட்ரோகிளிசரினும் சேரும். சேர்த்தால் சக்தி கூடும், சூடும் கூடும், குழல் சீக்கிரம் தேயும். சூடான நாளில் மருந்து வேகமாக எரிந்து அழுத்தம் ஏறும். எல்லா மருந்திலும் இது உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை. ஜனவரிக் குளிரில் உச்ச அளவுக்குப் பக்கத்தில் நிரப்பிப் பார்த்து "அருமை" என்று எழுதி வைத்த அதே தோட்டா, ஆகஸ்ட் வெயிலில் போல்ட்டைத் திறக்க விடாமல் இறுக்கிக்கொள்ளலாம். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கிற விஷயம் இது. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் தயாராகும் வார்கெட், எச்4895 போன்ற வெப்பநிலைக்கு அதிகம் அசையாத ரகங்களுக்கு அவ்வளவு மவுசு. கொஞ்சம் வேகம் குறைந்தாலும் என் ஓட்டு அவற்றுக்கே.

சக்தியை விட்டுக்கொடுப்பது புதுசும் இல்லை. 1889-ல் வந்த பிரிட்டிஷ் கார்டைட்டில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். குழல்களை அது அரித்த அரிப்பில், போயர் போருக்குப் பிறகு 30 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அருவங்காடு ஸ்டேஷன் நினைவிருக்கும். அந்தக் கார்டைட்டுக்காக வந்த தொழிற்சாலைதான் அங்கே நூறு வருடம் தாண்டியும் ஓடுகிறது. 2021 முதல் அதன் தலைமை அலுவலகம் நான் இருக்கும் புனேயில் :-)

குச்சி வடிவ மருந்தா, உருண்டை மருந்தா என்று ஒரு பழைய சண்டை உண்டு. உருண்டை மருந்து கேழ்வரகு மாதிரி அளவுக் கருவியில் வழுக்கி விழும். குச்சி மருந்து நொறுங்கிய சேமியா மாதிரி சிக்கும். எலக்ட்ரானிக் தராசு வந்தபிறகு எனக்கு இது பெரிய காரணமாகத் தெரியவில்லை.

பெரிய விஷயம் பெயர்க் குழப்பம். எச்4831 வேறு, ஐஎம்ஆர்4831 வேறு. எண் ஒன்று, எரியும் வேகம் ஒன்றல்ல. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் ஆபத்து. கைத்துப்பாக்கி மருந்தை ரைஃபிள் கூட்டில் நிறைத்தால் ரைஃபிளே வெடிக்கும். மேஜை மேல் ஒரு நேரத்தில் ஒரே டப்பாதான் இருக்க வேண்டும் என்று மச்சானிடம் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அளவுகளை நான் சொல்வதில்லை. அதற்கு மருந்துக் கம்பெனியின் கையேடு இருக்கிறது, குறைந்த அளவில் தொடங்கித்தான் ஏற வேண்டும்.

இன்னொன்று, எது கிடைக்கிறதோ அதுதான் நல்ல மருந்து. 2020-க்குப் பிறகு அமெரிக்காவில் மருந்துக்குப் பலமுறை தட்டுப்பாடு வந்தது. ஒரு பவுண்டு டப்பாவாக நாலு வாங்கினால் நாலும் வேறு வேறு தயாரிப்புத் தொகுதியாக இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். எட்டு பவுண்டு டப்பா ஒன்று வாங்கினால் ஒரு சீசனே ஓடும்.

இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், அதனால் நமக்கு இந்தத் தலைவலி இல்லை என்று நினைக்க வேண்டாம். 2024 பாரிஸில் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் ரைஃபிளில் .22 ரிம்ஃபயர் தோட்டா. விளிம்புக்குள்ளேயே பிரைமர் ரசாயனம் இருப்பதால் அதை வீட்டில் மறுபடி நிரப்ப வழியில்லை. எனவே அந்த வீரர்கள் மருந்துக்குப் பதிலாகத் தொகுதியைத் தேர்வு செய்கிறார்கள். ஒரே பிராண்டில் பல தொகுதிகளைத் தங்கள் குழலிலேயே சுட்டுப் பார்த்து, இறுக்கமாக விழுகிற தொகுதியை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். டப்பாவில் போட்டிருக்கும் வேகத்தை வைத்து யாரும் வாங்குவதில்லை.