யார் வீட்டு வேட்டி?

சண்டை பாயசத்தோடு ஆரம்பித்தது.

கோயமுத்தூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பொள்ளாச்சிப் பக்கம். பெண் வீட்டார் பாலக்காடு. எனக்கு இடப்பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வலப்பக்கத்து இலையில் பெண்ணின் தாய்மாமன். இருவரும் கட்டியிருந்தது சரிகைக் கரை போட்ட வெள்ளை வேட்டி. ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாது.

தாய்மாமன் தம் வேட்டியைத் தடவிக்கொண்டே, "இது எங்க தரவாட்டுச் சொத்தாக்கும். இப்போ இங்கே எல்லாரும் உடுக்கத் தொடங்கியாச்சு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பெரியப்பாவுக்குப் பாயசம் தொண்டையில் நின்றுவிட்டது.

"ஏனுங்க, கேட்டீங்களா இவர் சொல்றதை?" என்று என் பக்கம் திரும்பினார். "வெட்டறதுனால வேட்டிங்க. துண்டாக்கறதுனால துண்டு. அறுக்கறதுனால அறுவை. பேரே நம்முளுது. மலைக்கு அந்தப்பக்கம் போயித்தானுங்க அது முண்டு ஆச்சு."

பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். 'வேஷ்டி' சம்ஸ்கிருதம், சுற்றிக் கட்டுவது என்று அர்த்தம், இதில் தமிழுக்கும் பாத்தியதை இல்லை, மலையாளத்துக்கும் இல்லை என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அதற்குமேல் பந்தியில் யாரும் சாப்பிடவில்லை. "நீங்கள் எழுத்தாளர், நீங்களே சொல்லுங்கள்" என்று மூன்று பக்கத்திலிருந்தும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இலையை மூடிவிட்டுக் கைகழுவப் போனேன், திரும்பி வரவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஜுரம் நமக்கு மட்டும் வந்ததல்ல. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே காகசஸ் மலைநாடு இருக்கிறது. அங்கே ஆண்கள் அணியும் நீண்ட அங்கி ஒன்று உண்டு. இடுப்பில் இறுகி, முழங்காலுக்குக் கீழே விரியும். மார்பின் இரு பக்கமும் துப்பாக்கி மருந்துக் குழல்களை வரிசையாகச் செருகிக்கொள்ளத் தையல் இருக்கும். ஜார்ஜியர் அதைச் 'சோகா' என்பார்கள். அங்கே கல்யாண மாப்பிள்ளைகள் இன்றும் அணிகிறார்கள். ருஷ்யர் 'செர்க்கெஸ்கா' என்பார்கள். சர்க்காசியருடையது என்று பொருள். ஒசேத்தியர், செச்சேனியர், அப்காசியர், தாகெஸ்தான்காரர் எல்லாரும் அதை அணிந்தவர்கள். அது முதலில் யாருடையது என்று அவர்களுக்குள் இன்றும் ஓயாத வழக்கு. அந்த மருந்துக் குழலின் பெயர் 'கஸீர்'. 'தயார்' என்ற அர்த்தத்தில் அரபியிலிருந்து துருக்கி மொழிகள் வழியாக அங்கே போன சொல். அதே அரபிச் சொல்தான் நம் கோர்ட்டுகளில் 'ஆஜர்' என்று கூப்பிடப்படுகிறது. அங்கியின் மார்புப் பை கூட அந்த மலையில் பிறந்த பெயரைச் சுமக்கவில்லை.

ஆனால் அந்த வழக்கை நான் கேலி செய்யமாட்டேன். ருஷ்யச் சக்கரவர்த்தியின் படைகள் அந்த மலைநாட்டுடன் பல ஆண்டு யுத்தம் செய்தன. 1864-ல் யுத்தம் முடிந்தபோது சர்க்காசியர் லட்சக்கணக்கில் துருக்கி சுல்தானின் ராஜ்யத்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். அவர்களை எதிர்த்துப் போரிட்ட கோசாக்குகளோ அவர்களுடைய அங்கியையே தங்கள் பட்டாளத்து உடுப்பாக்கிக்கொண்டார்கள். அங்கி ஊரிலே தங்கிவிட்டது. அதை அணிந்தவன் அகதியாகப் போனான். அப்படிப் போனவர்களின் சந்ததியார் இன்று ஜோர்டான் அரசரின் அரண்மனைக் காவலில் அதே அங்கியோடு நிற்கிறார்கள். ஊரைப் பறிகொடுத்தவன் "இந்த உடுப்பாவது என்னுடையது" என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

நம் பந்தியில் பறிகொடுத்தவர் யார்?

இந்தக் கேள்வி மனத்தை அரித்ததால், நம் வேட்டியையும் அவர்கள் முண்டையும் நெய்தவர்கள் யார் என்று பார்க்கப் புறப்பட்டேன். கொச்சிக்கு வடக்கே சேந்தமங்கலம் இருக்கிறது. திருச்சூர் ஜில்லாவில், பாரதப்புழைக் கரையில், குத்தாம்புள்ளி இருக்கிறது. கேரளத்துக் கசவுத் துணிக்குப் பேர்போன தறிகள் இவை. சேந்தமங்கலத்துக்குப் பாலியம் குடும்பமும் குத்தாம்புள்ளிக்குக் கொச்சி அரச குடும்பமும் நெசவாளரை வரவழைத்துக் குடியமர்த்தின. வந்தவர்கள் கன்னட தேசத்துத் தேவாங்கர்கள். தெற்கே பலராமபுரம் இருக்கிறது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசர் பலராமவர்மர் காலத்தில் குடியேற்றப்பட்ட சாலியர்கள் தமிழ்ப் பேசும் சீமையிலிருந்து போனவர்கள். ஆகவே தாய்மாமனின் தரவாட்டுச் சொத்தைக் கன்னடக்காரரும் தமிழரும் நெய்திருக்கிறார்கள்.

பெரியப்பா இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் நெகமம் இருக்கிறது. அதன் பருத்திச் சேலை இன்று புவிசார் குறியீடு பெற்ற சேலை. அதை நெய்கிறவர்களும் அதே தேவாங்கர்கள்தான். சென்னிமலையிலும் ஈரோட்டிலும் செங்குந்தர்கள் தறி போட்டிருக்கிறார்கள். தமிழ் நெசவாளருக்குக் கொங்கு நாட்டில் குறைவில்லை. ஆனால் கோவை ஜில்லாவின் தறி ஓசையில் பெரும் பங்கு வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஜனங்களுடையது. சௌடேஸ்வரி அம்மன் திருவிழாவில் அவர்கள் உடம்பில் கத்தி போட்டுக்கொண்டு "தீசுக்கோ தாயே" என்று கூவிப் போவதைக் கோவை வீதிகளில் பார்க்காதவர் உண்டா? பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, 'எங்கள் ஆதித் தமிழ்ச் சேலை' என்று பேசுகிறோம்.

கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஜனங்கள் நெய்த துணியைக் கட்டிக்கொண்டு இரு தரப்பும் பந்தியில் கட்சி பிரிந்து நின்றோம். நெய்தவன் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை.

"அதெல்லாம் ஐந்நூறு வருஷத்துக் கதை, எங்கள் தொன்மை அதற்கும் முந்தியது" என்பார் பெரியப்பா. சரி, இன்னும் முந்திப் போவோம். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருகிற ஊர். அங்கே தோண்டியபோது நூல் நூற்கும் சுடுமண் தக்கிளி வட்டுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த மண்ணில் நூற்றார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் அதே குழிகளில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதப் பெயர்களும் கீறப்பட்டிருக்கின்றன. வடக்கேயிருந்து வந்தவனும் அந்தத் தெருவில் குடியிருந்தான், தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்தான் என்றுதானே அர்த்தம்?

பாம்பின் சட்டை போன்ற மெல்லிய துணி பொருநராற்றுப்படையில் வருகிறது. அதைச் சொல்லாத தமிழ் மேடை இல்லை. அந்தக் காலத்திலேயே துணிக்குக் 'கலிங்கம்' என்றும் ஒரு பெயர் இருந்ததை மட்டும் மேடையில் சொல்லமாட்டார்கள். கலிங்கம் என்பது ஒரிசாப் பக்கத்து நாடு. அங்கிருந்து வந்த துணி உயர்ந்ததாக இருந்தது. ஊர்ப் பெயரையே துணிக்குப் பெயராக்கினார்கள். அவர்களுக்கு அதில் வெட்கம் இல்லை. வெட்கம் நமக்குத்தான்.

பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் அது விரிக்கப்படாவிட்டால் நமக்குக் கல்யாணமே இல்லை. அதன் பெயர் தமிழல்ல. அதன் வயதும் அதிகமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைத் துணி வந்து பிழைப்பைக் கெடுத்தபோது, அவ்வூர் ஜங்கமர்கள் முரட்டு நூலில் வண்ணக் கோடு போட்டுக் கண்டுபிடித்த பிழைப்பு அது. பருத்தியோ இன்னும் வேடிக்கை. 1974-ல் கோவையில் உருவான 'சுவின்' இந்தியாவின் மிக நேர்த்தியான பருத்தி என்று பேர் வாங்கியது. அது சுஜாதா என்ற ரகத்தையும் மேற்கிந்தியத் தீவான செயின்ட் வின்சென்டின் பருத்தியையும் ஒட்டி வந்த பிள்ளை. அந்த நூலில் நெய்த வேட்டிக்கு யார் குலம் கோத்திரம் சொல்வது?

பெருமையே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டிக்கொண்டு போன ஹைகோர்ட் நீதிபதியை உள்ளே விடவில்லை. அதே வருஷம் சட்டசபை, வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாதென்று சட்டம் செய்தது. நான் கைதட்டினேன், இன்றும் தட்டுவேன். அது பறிகொடுத்தவன் பக்கத்துச் சட்டம்.

ஆனால் வேட்டியைத் தடுத்தவன் வெள்ளைக்காரன் மட்டும்தானா? 1930-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி தொங்கவிடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. 1931 ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தம் புத்தகத்தில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல வருஷம் அடிபட்டார்கள். 1859-ல் அனுமதி கிடைத்தது. அப்போதும் மேல்ஜாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்று ஒரு வால் இருந்தது. வேட்டி நம் இனத்தின் ஆதிச் சின்னம் என்று முழங்குகிறவர்கள், அந்த இனத்தில் பாதிப் பேரை முழங்காலுக்குமேல் நிறுத்தி வைத்தது யார் என்பதையும் சேர்த்து முழங்கட்டும்.

என் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. என் அம்மிச்சி இருபத்தெட்டு வயதில் தாலியறுத்தவள். அன்றிலிருந்து தொண்ணூறு வயது வரை வெள்ளைச் சேலை. ரவிக்கை கிடையாது. பின்கொசுவம் வைத்துக் கட்டுவாள். வெறுங்காலோடு தோட்டத்து வரப்பில் நடக்கும்போது அந்தக் கொசுவம் ஆடுவது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சேலை மூட்டைக்காரர் திண்ணைக்கு வந்தால் அம்மிச்சிதான் முன்னால் உட்காருவாள். மகள்களுக்கு, மருமகள்களுக்கு, பேத்திகளுக்கு எல்லாம் அவளே நிறம் பொறுக்குவாள். "இது வேண்டாம், ரெண்டு தண்ணியில வெளுத்துப் போகும், அந்த அரக்கை எடு" என்பாள். அவள் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. பொறுக்கி முடித்ததும், மடியில் கிடக்கும் சேலையின் கரையை விரலால் ஒருமுறை நீவிவிட்டு மூட்டைக்காரரிடம் தள்ளுவாள்.

இன்று கலாசார விழா மேடையில் இளம்பெண்கள் பின்கொசுவம் கட்டி வருகிறார்கள். 'கொங்கு நாட்டின் தொன்மை உடை' என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுபத்திரண்டு வருஷத்து வெள்ளையும் அதே தொன்மைதான். அதை ஏன் மேடையேற்றவில்லை?

"மூலம் எங்களுடையது என்று அடித்துச் சொல்லாவிட்டால் வேற்றூரான் காப்பியடித்துவிடுவானே?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, ஆனால் தப்பான இடத்தில் கேட்கிறார்கள். காப்பியைத் தடுக்கத்தான் 1999-ல் புவிசார் குறியீட்டுச் சட்டம் செய்து 2003-ல் அமலாக்கினார்கள். அதன் பதிவகம் இங்கே சென்னையில்தான் இருக்கிறது. அந்தச் சட்டம் நெய்தவன் என்ன மொழி பேசினான், எந்த யுகத்தில் வந்தான் என்று கேட்பதில்லை. எந்த ஊரில், எப்படி நெய்யப்படுகிறது, அந்த ஊருக்கும் துணியின் குணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறது. 1985-ல் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி இன்னொரு சட்டம் வந்தது. அப்படி ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்பவன் மீறுவது அதைத்தான். அவன் வேற்றூரானாக இருக்க வேண்டியதில்லை. நம் ஊரிலேயே இருக்கிறான். அவனைப் பிடிக்கச் சொல்லி எந்தப் பந்தியிலும் யாரும் இலையை மூடிவிட்டு எழுந்ததாகக் கேள்வியில்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம் நெகமம் பக்கம் போனேன். தெரிந்த நெசவாளர் ஒருவர் குழித்தறியில் உட்கார்ந்து நாடாவை விட்டுக்கொண்டிருந்தார். மருமகள் பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். மருமகளிடம் கன்னடம் பேசினார், என்னிடம் கொங்குத் தமிழ் பேசினார். பந்திச் சண்டையைச் சொன்னேன். மிதியிலிருந்து காலை எடுக்காமல் கேட்டார்.

"கரை எப்படியிருந்துச்சுங்க? ரெண்டு பக்கமும் ஓரம் ஒரே சீரா இருந்துச்சா?"

இருந்தது என்றேன். ஒரு பிசிறு இல்லை. இரண்டு வேட்டியும் அச்சில் வார்த்தது போல் இருந்தன.

"அப்ப அது ரெண்டும் ஈரோட்டு விசைத்தறியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளினார். "கையில நெஞ்சா ஒரு எடத்துலயாச்சும் கை தெரியுமுங்க."

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்த நாட்டு நெசவாளர் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அந்த மருமகளின் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான். தறியில் உட்கார அவனுக்கு இஷ்டமில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் நான் கொடுக்க வேண்டிய தீர்ப்பு பாக்கியிருக்கிறது. வேட்டி யார் வீட்டுடையது என்று இருவரும் தாராளமாக வழக்காடட்டும். அதற்கு முன் ஆளுக்கு ஒரு கைத்தறி வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு வரட்டும். பேரம் பேசாமல் வாங்கட்டும். நெகமத்துக்காரர் இன்னும் தறியில் உட்கார்ந்திருக்கிறார். குத்தாம்புள்ளியில் அவருடைய ஜனங்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்து போய்விட்ட பிறகு நம் பேரப் பிள்ளைகள் பந்தியில் எதைக் காட்டிச் சண்டை போடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.