தாயைப் பிரிந்த பூனைக்குட்டி: பொறுப்பு யாருடையது?

நாய்களைப் பற்றி நாடு முழுவதும் பேசியாகிவிட்டது. பூனையைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை!

2025 ஆகஸ்டு 11-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், டில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உத்தரவிட்டனர். பதினொரு நாட்களுக்குள், 22-ம் தேதி, மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தினர். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டவற்றையும் கடிக்கும் சுபாவம் உள்ளவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றனர். விஷயம் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. நவம்பர் 7-ம் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி இன்னோர் உத்தரவு வந்தது. டீக்கடை பெஞ்சு முதல் பாராளுமன்றம் வரை வாதங்கள் பறந்தன.

அதே தெருவில், அதே குப்பைத் தொட்டி ஓரத்தில் வாழும் பூனையின் பேச்சு இந்த வாதங்களில் அதிகம் எழவில்லை. காரணம் எளிது. பூனை குரைப்பதில்லை, சைக்கிளில் போகிறவரைத் துரத்துவதில்லை. புகார் இல்லாத இடத்தில் மனு ஏது? ஆனால் மழைக்காலத்து இரவில் சாக்கடை ஓரத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்கும்போது, கதவைத் திறப்பதா, போர்வையை இழுத்து மூடிக்கொள்வதா என்ற கேள்வி வீடுதோறும் எழத்தான் செய்கிறது.

தறிக்குழியும் பூனையும்

காஞ்சீபுரத்துக்கு இது வேற்று விஷயமல்ல. பட்டு நெய்கிற ஊரில் எலி என்றால் நஷ்டம் என்று பொருள். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடும் தறிக்கூடமும் பெரும்பாலும் ஒன்றே. எலியின் பல் பட்ட பாவைச் சரிசெய்ய ஒவ்வோர் இழையாக முடிச்சுப் போட வேண்டும். அதற்குக் கூலி தருகிறவர் யாருமில்லை. ஆகவே எலியை ஒழிக்க இரண்டு வழிகள்: ஒன்று பூனை, மற்றொன்று விஷம்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. பலவகை எலி மருந்துகள் இரத்தம் உறையாமல் செய்து, சில நாட்கள் கழித்தே கொல்லும். அதற்குள் தள்ளாடித் திரியும் எலியைப் பூனை பிடித்துவிடுகிறது. விஷம் பூனைக்கும் ஏறுகிறது. தாய்ப்பூனை எங்கோ ஒரு பரண்மேல் மறைவில் சுருண்டு சாகிறது. மூன்று நான்கு குட்டிகள் தறிக்குழி மூலையிலோ, விறகு அடுக்கின் சந்திலோ கிடந்து கத்துகின்றன. எலிக்கு வைத்தது பூனைக்குப் போகிறது. பூனை போனபின் எலி இன்னும் பெருகுகிறது. நஷ்டம் கடைசியில் தறிக்காரருக்குத்தான்!

காஞ்சி அறிந்த உவமை

பூனைக்குட்டியை வைத்துத் தத்துவமே பேசிய வட்டாரம் இது. இறைவனை அடைய மனிதன் தன் பங்காகச் சிறிதேனும் முயல வேண்டுமா, எல்லாமே அவன் அருளா என்பது வைணவத்தில் பழைய விவாதம். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும். அதுபோல என்றது வடகலை. பூனைக்குட்டி எதுவும் செய்யாது, தாய்தான் கவ்விக்கொண்டு போகும்; அதுபோல என்றது தென்கலை. வடகலையாரின் பேராசானாகிய வேதாந்த தேசிகர் 1268-ல் பிறந்த தூப்புல், காஞ்சியிலேயே இருக்கிறது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவர்களின் சிற்பிகளும் பூனையை விட்டுவிடவில்லை. மாமல்லபுரத்துப் பாறையில் பின்னங்கால்களில் நின்று பொய்த்தவம் செய்யும் பூனையும், சுற்றி நிற்கும் எலிகளும் இன்றும் பார்ப்பவர்களைச் சிரிக்க வைக்கின்றன.

உவமையைச் சொன்னவர்கள் குட்டியை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். பிறக்கும்போது பூனைக்குட்டி சுமார் 100 கிராம் எடைதான். கண் திறக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் மூன்று வாரங்கள் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. சிறுநீர், மலம் கழிக்கக்கூடத் தாய் நக்கிவிட வேண்டும். கழுத்துத் தோலைத் தாய் கவ்வியதும் கை கால்களைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் தொங்கும். தாய் இருக்கும்வரை இதெல்லாம் சரி. தாய் இல்லாவிட்டால்?

எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம்

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியாகக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதைக் குட்டியல்ல! இரக்கமுள்ளவர்கள் செய்கிற பெரிய தவறு இதில்தான்.

‘பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும்’ என்று பாட்டிமார் சொல்வார்கள். ஏழு என்ற கணக்கு எப்படியோ, இடம் மாற்றுவது உண்மை. ஒவ்வொன்றாகத்தான் தூக்கிப் போகும். முதல் குட்டியைக் கொண்டுபோய் விட்டு இரண்டாவதற்குத் திரும்பும் இடைவேளையில் ஒரு நல்ல மனிதர் வந்து, “ஐயோ பாவம்!” என்று குட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். தாயைப் பிரித்தவர் அவரே. இரை தேடப் போன தாய் சில மணி நேரம் வராமலிருப்பதும் சகஜம்.

குட்டி சுத்தமாக, வயிறு புடைத்து, அமைதியாகத் தூங்கினால் தாய் அருகில் உண்டு என்று பொருள். விலகி நின்று சில மணி நேரம் கவனிப்பதே உசிதம். ஆள் பக்கத்தில் நின்றால் தாய் வராது. காத்திருக்க முடியாதவர்கள் குட்டியைச் சுற்றி அரிசிமாவை மெல்லியதாகத் தூவிவிட்டுப் போகலாம். தாய் வந்து போனால் பாதத் தடம் சொல்லிவிடும். மழை, நாய், எறும்பு, வண்டி என்று ஆபத்து இருந்தால், நாலடி தள்ளிப் பத்திரமான இடத்தில் வைத்தால் போதும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்ற நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரம் இல்லை.

மாறாக, உடம்பு அழுக்காகி, வயிறு ஒட்டி, தொட்டால் சில்லென்று, ஓயாமல் கத்துகிற குட்டி உதவி கேட்கிறது. அப்போது தாமதம் கூடாது.

பசும்பால் வேண்டாம்

தூக்கியவுடன் பாலாடையைத் தேடுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அது சரியல்ல. முதலில் சூடு, அப்புறம்தான் பால். குளிர்ந்து கிடக்கும் குட்டியின் வயிறு பாலை ஏற்காது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்க வேண்டும். மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ளும்.

அடுத்தது எந்தப் பால் என்பது. பசும்பாலில் உள்ள சர்க்கரைச் சத்து பூனைக்குட்டிக்குச் செரிப்பது கடினம். வயிற்றுப்போக்கு கண்டு, நீர் வற்றி, ஓரிரு நாளில் குட்டி போய்விடலாம். பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறது. அதை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுப்பதே முறை. அது கைக்கு வரும்வரை ஓரிரு வேளைக்கு ஆட்டுப்பால் கொடுத்துச் சமாளிக்கலாம்.

குழந்தையைப் போல் மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டக்கூடாது. பால் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. தாய் மடியில் கிடப்பதுபோல் குப்புற இருக்க வேண்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் துளித்துளியாக விட வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், இரவிலும் கூட! ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்தால்தான் சிறுநீர் கழியும். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் எடை ஏறினால் குட்டி தேறுகிறது என்று அர்த்தம். நாலு வாரத்தில் மெல்லிய ஆகாரம் கொடுக்கத் தொடங்கலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசிக்கும், பூச்சி மருந்துக்கும் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: குட்டிக்குக் காய்ச்சல் என்று வீட்டிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையை நுணுக்கிக் கொடுக்கிறவர்கள் உண்டு. மனிதனுக்கு மருந்தான அது பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கும்.

மனிதர்களுக்கும் ஜாக்கிரதை வேண்டும். வெறிநோய் நாயால்தான் பெரும்பாலும் வருகிறது என்றாலும் பூனையாலும் வரும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் நீரில் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். கர்ப்பிணிகள் பூனையின் கழிவை அள்ளுவதைத் தவிர்ப்பது நல்லது.

பத்து ரூபாய் அபராதம்

இத்தனை பாடும் ஏன் வருகிறது? வீட்டில் குட்டி போட்டால் கோணிப்பையில் கட்டி மீன் கடைப் பக்கம் விட்டுவிட்டு வருவது பல ஊர்களில் வழக்கம். “எப்படியோ பிழைத்துக்கொள்ளும்” என்பது சமாதானம். பால் மறக்காத குட்டி பிழைக்காது என்பதே உண்மை.

சட்டம் இதைக் குற்றம் என்கிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்ததில் தமிழகத்துக்குத் தனிப் பெருமை உண்டு. 1952-ல் ராஜ்ய சபை உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் செய்வதாகப் பிரதமர் நேரு உறுதி கூறினார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே தலைவரானார். சென்னையில் இருந்த அந்த வாரியம் 2018-ல் ஹரியானாவுக்கு மாறியது.

பசியும் தாகமும் வாட்டும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது அச்சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். தண்டனை? முதல் தடவைக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! 1960-ல் ஐம்பது ரூபாய்க்கு இருந்த மதிப்பு வேறு. 2025-லும் தொகை மாறவில்லை. இன்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்தால் அதிர்ஷ்டம். வேண்டுமென்றே கொல்வதோ விஷம் வைப்பதோ வேறு விஷயம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

வழி எங்கே இருக்கிறது?

வழி அதிக தூரத்தில் இல்லை. எழுபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. 1959-ல் சென்னை தியாகராய நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி காப்டன் வி. சுந்தரம் தூக்கிக் காப்பாற்றினார். அதிலிருந்து ‘புளூ கிராஸ்’ சங்கம் பிறந்தது. கொன்று குறைக்க முடியாது, கருத்தடையால்தான் குறையும் என்று 1964 முதல் அச்சங்கம் சொல்லியும் செய்தும் வந்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆயிற்று. பிறகு 2001-ல் நாடு முழுவதற்கும் நாய்களுக்கான விதி வந்தது. 2023-ல் வந்த புது விதிகள் சொந்தக்காரர் இல்லாமல் தெருவில் பிறந்த பிராணியைச் ‘சமுதாய விலங்கு’ என்கின்றன. அந்தப் பெயரில் பூனையும் அடங்கும்.

பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படும். சுமார் 64 நாளில் குட்டி போடும். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்றும் உண்டு. ஆகவே ஒரு குட்டியைக் காப்பாற்றுவது பாதி வேலைதான். அதன் தாய்க்குக் கருத்தடை செய்வது மீதி வேலை. இல்லாவிட்டால் அடுத்த மூன்று மாதத்தில் அதே மூலையில் அதே குரல் கேட்கும்.

கைத்தறிக் கூலியே போதாமல் வாடும் குடும்பங்களிடம் பூனைக்காகப் பணம் செலவிடச் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இது தனிக் குடும்பத்தின் தலையில் கட்ட வேண்டிய செலவல்ல. வாரத்தில் ஒரு நாள் பூனைகளுக்கென்று கருத்தடை முகாம் நடத்த மாநகராட்சியும் கால்நடைத் துறையும் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். விஷத்துக்குப் பதில் எலிப்பொறியும் எலிக்கூடும் வைக்கும்படி கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினருக்குச் சொல்லலாம். மொத்தமாக வாங்கியும் தரலாம். பட்டைக் காக்க ஆகும் செலவுதான் அது. கருத்தடை ஆன பூனை எலி பிடிப்பதை நிறுத்துவதில்லை. ஊர் ஊராக அலைவதுதான் குறையும்.

மணிமேகலை அமுதசுரபியுடன் வந்து பசி தீர்த்ததாகக் காப்பியம் கூறும் ஊர் காஞ்சி. இன்று வேண்டுவது அட்சய பாத்திரமல்ல. அவசரப்பட்டுத் தூக்காத கை, தூக்கினால் பாதியில் கைவிடாத மனம், அந்த மனத்துக்குத் துணை நிற்கும் ஓர் ஆஸ்பத்திரி. இம்மூன்றும் சேர்ந்தால் குட்டி பிழைக்கும். தறியில் பாவும் பிழைக்கும்.