யானைக்குப் போர்த்திய ரோமப் போர்வை

ராத்திரி பூதப் படம் பார்த்துவிட்டுப் பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறதா? "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்யாதீர்கள், சகோதரிகளே. நம்ம சேலத்துக் கதை ஒன்றைச் சொல்லுங்கள்.

ஏற்காடு ரோட்டில் முகப்பு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ்! 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கியது. அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து அவர்கள் எடுத்த படம் 'தி ஜங்கிள்', 1952-ல் வந்தது. காட்டு யானைகள் மிரண்டு ஓடிவந்து ஊர்களை அழிக்கின்றன. ஏன்? எந்தக் காலத்திலோ பூண்டற்றுப் போன மாமத யானைகள் காட்டுக்குள்ளே உயிரோடு இருக்கின்றனவாம்! அந்த மாமத யானை வேறொன்றுமில்லை; நம்ம ஊர் யானைக்கே ரோமப் போர்வை போர்த்தியதுதான்.

இதைக் கேட்டால் பிள்ளை சிரித்துவிடும். இந்த மாதிரிப் படங்களின் ருசியே அதுதானே: ஆபத்து திரையில், அம்மா பக்கத்தில். மறுநாள் ஒரு பழைய கம்பளியைக் கொடுத்து, அதையே மாமத யானையாக ஆட விடுங்கள். பயந்த பிள்ளை நம்மைப் பயமுறுத்த வரும்!

ஒன்று மட்டும் கவனம்: மூன்று நாலு வயசுக் குழந்தைக்குக் கதை எது, நிஜம் எது என்று பிரிக்கத் தெரியாது. அதுகளுக்கு இந்தப் படங்களே வேண்டாம்.